இருமல் நின்ற இடம்

"எங்க நின்னுச்சு?" என்று கேட்டுக்கொண்டேதான் ஹல்ஷ்கா கதவைத் திறக்கிறாள். புருஷன் ஸெனான் படியில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதறுவதற்குள் கேள்வி வந்துவிடும். பசிக்கிறதா, ட்ராமில் இடம் கிடைத்ததா என்பதெல்லாம் பிறகு. முதலில் இருமல்.

ஸெனானுக்குப் படம் ஓட்டுகிற வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் படங்களை ஊருக்குக் காட்டுவதற்கு முன்னால், அவற்றை வெளியிடும் அலுவலகத்தின் சின்ன அரங்கில் அதிகாரிகளுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் போட்டுக் காட்டுவார்கள். அந்த அரங்கின் பின்னால் இருக்கும் மெஷின் அறைதான் அவன் உலகம். ஹல்ஷ்காவின் வேலை அதே படங்களுக்குப் போஸ்டர் வரைவது. ஆனால் படத்தைப் பார்க்கமாட்டாள். அரங்கின் வாசல் வரை வருவாள், உள்ளே விளக்கை அணைத்தார்களோ இல்லையோ, ஓடிவிடுவாள். "பாத்தேன்னா அவங்க படம் கண்ணுல ஒட்டிக்கும். அப்புறம் என் படம் எங்கேருந்து வரும்?" என்பாள்.

அதனால்தான் இருமல். எங்கள் வார்சாவில் அக்டோபர் பிறந்துவிட்டால் ஏப்ரல் வரைக்கும் இருமாத ஆள் கிடையாது. அரங்கில் ஒருவர் தொடங்கினால் அடுத்தவர் எடுத்துக்கொடுப்பார். கச்சேரி மாதிரி நடக்கும். அத்தனை தொண்டைகளும் தங்களை மறந்து எந்த இடத்தில் சும்மா கிடக்கின்றனவோ, அந்த இடத்தில்தான் படம் இருக்கிறது என்பது அவள் கட்சி. மற்றதெல்லாம், அவள் பாஷையில், "ஃபிலிம் செலவு". ஸெனானும் பல வருஷமாக ஒரு கண்ணை மெஷின் மேலும் இரண்டு காதுகளை அரங்கின் மேலும் வைத்துத்தான் படம் ஓட்டுகிறான்.

சமையலறை மேஜைதான் அவளுக்குப் பட்டறை. ஒரு பாதியில் பீட்ரூட் சூப், மறு பாதியில் சிவப்புச் சாயம். அவசரத்தில் ஸெனான் ஒருமுறை தப்பான கிண்ணத்தில் கரண்டியை விட்டுவிட்டான். "ருசி பரவால்ல. உப்புதான் கம்மி" என்றான். வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகளில் அவள் ஆயுதங்கள் நிற்கும்: தேய்ந்துபோன பல் பிரஷ், கோழி இறகு, நுனியை நசுக்கின தீக்குச்சி, காயத்துக்குக் கட்டுகிற துணிச் சுருள். நல்ல தூரிகை கடைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் இவள் போய் நிற்பதற்குள் தீர்ந்துவிடும். உயரமான பெண். பெரிய கைகள். அந்தக் கைகளைப் பார்த்தால் ரொட்டி பிசைகிறவள் என்றுதான் யாரும் சொல்வார்கள். யோசனை ஓடும்போது டீ கிளாஸில் பிரஷைக் கழுவிவிட்டு, அதே கிளாஸை வாயருகே கொண்டுபோவாள். ஸெனான் எட்டிப் பிடித்துக்கொள்வான். பேச்சு நிற்காது.

எழுத்துகளை அச்செழுத்தில் போடுவது அவளுக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் கையால், அதுவும் இடது கையால் எழுதுவாள். வலது கை பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர் வாங்கின கையாம், ஒழுங்கு ஜாஸ்தியாம். "எழுத்துங்கன்னா க்யூவுல நிக்கிற ஜனங்க. ஒருத்தருக்குக் கால் வலி, சாஞ்சு நிப்பார். ஒருத்தி முன்னாடி எட்டிப் பாப்பா. கடைசியில நிக்கிறவனுக்குத் தனக்குக் கிடைக்காதுன்னு தெரியும். அவனை நிமித்தி நிக்க வெச்சா அது பொய்" என்பாள். அவள் எழுதிய தலைப்புகளைப் பார்த்தால், கறிக்கடை வாசலில் அவர்களோடு நாமும் நின்றிருக்கிறோம் என்று தோன்றும்.

வீடு சின்னது. தள்ளி நின்று பார்க்க இடம் கிடையாது. அதனால் வரைந்ததைப் படிக்கட்டுத் திருப்பத்தில் குத்திவிட்டு, மேலிருந்து கீழே தடதடவென்று ஓடுவாள். மறுபடி மேலே போய் மறுபடி ஓடுவாள். கீழ்வீட்டு பெலாஜியா ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்கள் பெயருக்கு முன்னால் பானி என்றும், ஆண்கள் பெயருக்கு முன்னால் பான் என்றும் போடுவோம்.

"பானி ஹல்ஷ்கா, பின்னாடி போலீஸ் தொரத்துதா, இல்ல முன்னாடி கடையில ஆரஞ்சு வந்திருக்கா? சொல்லுங்க, நானும் ஓடி வர்றேன்."

"ட்ராமுல போறேன், பானி பெலாஜியா. ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கேன். இந்தப் போஸ்டர் ரோட்டோரப் பலகை வேலியில ஒட்டியிருக்கு. என்னைக் கூப்பிடுதான்னு பாக்கறேன்."

"கூப்பிட்டுச்சா?"

"இல்ல. தூங்குது, சனியன்."

பெலாஜியா தலையில் அடித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டடத்திலேயே டெலிபோன் இருப்பது அவள் வீட்டில் மட்டும்தான். அதனால் ஹல்ஷ்காவால் அவளைப் பகைத்துக்கொள்ள முடியாது. ஹல்ஷ்காவுக்கு வரும் சேதிகளைப் படிக்கட்டில் நின்று கூவிச் சொல்வதில் பெலாஜியாவுக்கும் ஒரு பெருமை உண்டு.

ஸெனான் பெரிய படிப்பாளி இல்லை. ஆனாலும் அவனுக்கு மனைவியிடம் ஒரு பிரமிப்பு உண்டு. அது வந்த நாளை அவன் மறக்கவில்லை. கணவனும் மனைவியும் பிரிகிற கதை ஒன்று வந்திருந்தது. அந்தப் படத்தை அவன் எத்தனையோ தரம் ஓட்டிவிட்டான். இரண்டு பேரில் யார் மேல் தப்பு என்று மெஷின் அறையில் தனக்குத்தானே வழக்காடியும் பார்த்துவிட்டான். பிறகு ஒரு காலை ட்ராமில் போகும்போது வேலியில் ஹல்ஷ்காவின் போஸ்டர் தெரிந்தது. கறுப்புத் தரை. இரண்டாக வெட்டின ஒரு ரொட்டி. இரண்டு பாதிக்கும் நடுவே கொஞ்சம் துணுக்குகள், முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் குழந்தையின் வடிவத்தில். அவ்வளவுதான். ஸெனான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டான். அந்தப் படத்தில் ஒரு குழந்தை வருகிறது. அதைப் பற்றி அவன் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. படத்தைப் பார்க்காதவள் அந்தக் குழந்தையை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் போஸ்டரைத் தேர்ந்தெடுப்பது ஸெனான் இல்லை. அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. அதே சின்ன அரங்கில் கூடும். தலைவர் மெல்கியோர் கைடா. கெட்டவர் இல்லை, பயந்தவர். மேலிடத்திலிருந்து யாராவது கூப்பிட்டு "என்ன இது?" என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் வேண்டும், அவர் கவலை அது ஒன்றுதான். குழுவில் வயதானவர் க்ளெயோஃபாஸ் என்று ஒருவர். அவர் போஸ்டரைப் பார்க்கும் முறையே வேறு. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கமாட்டார். எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியை வைத்துக்கொண்டு, கையில் பையையும் எடுத்துக்கொண்டு, ட்ராமுக்கு நேரமாகிவிட்ட ஆள் போல அதைக் கடந்து விறுவிறுவென்று நடப்பார். தலை தானாகத் திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் தொப்பியைக் கழற்றிவிட்டு, "என்னைக் கூப்பிடல" என்று உட்கார்ந்துவிடுவார். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் சிரிப்பு அடங்கிவிடும். அவர் தலை திரும்பாத போஸ்டர் வேலியில் ஏறினதே இல்லை.

ஹல்ஷ்கா வரைந்தவற்றில் கடைசி இரண்டுக்கும் அவர் தலை திரும்பவில்லை. ஒன்று காதல் கதை. ஒரே டீ கிளாஸில் இரண்டு கரண்டிகள் வரைந்திருந்தாள். "டீக்கடை திறக்கிறோமா?" என்றார் மெல்கியோர். இன்னொன்று அரசாங்க அலுவலகக் கேலிப்படம். அதற்கு டை கட்டின ஹெர்ரிங் மீன் ஒன்று. அந்த மீனைப் பார்த்ததும் மெல்கியோருக்கு மேலிடத்தில் யாரோ ஞாபகத்துக்கு வந்து முகம் வெளுத்துவிட்டது. எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். போகும்போது ஸெனானைத் தனியே நிறுத்திச் சொன்னார்:

"உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, பான் ஸெனான். இன்னொண்ணும் இப்படித் திரும்பினா, சினிமா போஸ்டர் கிடையாது. தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவுல ஆள் கேக்கறாங்க. தலைக்கவசம் போடு, கையைக் கழுவு, அது மாதிரி. நல்ல வேலை. யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

ஸெனான் அதை வீட்டில் வந்து அப்படியே சொன்னான். ஹல்ஷ்கா கேட்டுக்கொண்டு சிரித்தாள். பிறகு, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, அவனைச் செல்லப் பெயரால் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்: "கையைக் கழுவுன்னு வரைஞ்சுடலாம், ஸெனெக். ஆனா அதுல எங்கன்னு இருமலைத் தேடறது?" அன்று சூப்பில் அவள் உப்பே போடவில்லை.

ஜனவரியில் ஸெனானுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. கட்டிலில் சுருண்டு கிடந்தவனை ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கினார்கள். வெளியே நல்ல பனி. ஹல்ஷ்கா அவனுடைய கருநீல ஜாக்கெட்டை மாட்டிவிட்டு ஜிப்பை இழுத்தாள். அது பாதி வழியில் சிக்கிக்கொண்டது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. ஸ்ட்ரெச்சரோடு படியில் இறங்கிக்கொண்டே இழுத்தாள், தெருவிலும் இழுத்தாள். "விடும்மா, நேரமாகுது" என்று ஆம்புலன்ஸ் ஆள் அவள் கையை எடுத்துவிட்டான். கதவு சாத்தப்படும்போது ஸெனானின் நெஞ்சு திறந்து கிடந்ததும், அதில் பனி விழுந்ததும்தான் அவள் கண்ணில் கடைசியாக நின்றவை. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பரவியிருந்ததால் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடவில்லை. புருஷன் பிழைத்தானா என்பதைக்கூட டெலிபோனில்தான் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அந்த வாரத்தில்தான் அலுவலகத்திலிருந்தும் டெலிபோன் வந்தது. பெலாஜியா படிக்கட்டில் நின்று கூவினாள்: "பானி ஹல்ஷ்கா! புதுப் படமாம்! ஹங்கேரிக்காரன் படம்! பேரு திறந்த ஸாமெக்! சோகமாம்! அடுத்த வியாழக்கிழமை குழு!"

எங்கள் மொழி சில இடங்களில் மகா கஞ்சம். மலை மேல் இருக்கிற கோட்டைக்கும் ஸாமெக்தான். கதவில் தொங்கும் பூட்டுக்கும் ஸாமெக்தான். சட்டையில் இழுத்து மூடுகிற ஜிப்புக்கும் அதே ஸாமெக். எது என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த வாரம் ஹல்ஷ்காவுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஸாமெக்தான் இருந்தது. கோட்டையா, பூட்டா என்று அவள் கேட்கவே இல்லை. இருமல் சொல்ல ஸெனானும் வீட்டில் இல்லை. திறந்த ஜிப், சோகம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று உட்கார்ந்து வரைந்துவிட்டாள்.

குழு கூடுவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஸெனான் வீடு திரும்பினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சுவரில் ஆள் உயரத்துக்குக் கருநீலம். கீழிருந்து மேலே ஏறும் ஒரு ஜிப், பாதியில் திறந்து இரண்டு பக்கமும் விலகிப் போகிறது. இரண்டு வரிசையிலும் சாம்பல் நிறப் பற்கள், ஒவ்வொன்றும் செங்கல் அளவு. விலகின இடம் முழுக்க வெள்ளை. பனி. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த வெள்ளையிலும் பத்து விதம் இருந்தது. கோழி இறகால் இழுத்திருந்தாள். அது யாருடைய நெஞ்சு என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தப் பெண்ணோடு இத்தனை வருஷம் ஒரே சட்டியில் சூப் குடித்திருக்கிறோமே என்று அவனுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

"எந்தப் படம் இது?" என்றான் கடைசியில்.

"திறந்த ஸாமெக்."

ஸெனான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். படப்பெட்டி வந்திறங்கினபோது அவன் வேலையில்தான் இருந்தான். பெட்டியோடு வந்த புகைப்படங்களையும் பார்த்திருந்தான்.

"ஹல்ஷ்கா. அது கோட்டை."

"எது?"

"ஸாமெக். கோட்டைடீ. மலை மேல, கல்லு, கோபுரம், எல்லாம். ஜிப்பு இல்ல."

அவள் கொஞ்ச நேரம் போஸ்டரையே பார்த்தாள். பிறகு மேஜைக்கும் அடுப்புக்கும் நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

உடனே எழுந்து வேறு தாளை எடுத்து ஒரு கோட்டையை வரைந்தாள். கோபுரம், கொடி, பாலம், ஒன்றும் குறையில்லை. "பிஸ்கட் டப்பா மேல போடற படம்" என்று சொல்லிக் கிழித்தாள். இன்னொன்றும் வரைந்தாள். அதுவும் பிஸ்கட் டப்பாதான், கொஞ்சம் விலை கூடினது. ஸெனான் கெஞ்சினான்.

"பிஸ்கட் டப்பாவா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். கோட்டைன்னா கோட்டை. மெல்கியோர் கையெழுத்துப் போட்டுடுவான். இது மூணாவது தடவை, ஹல்ஷ்கா. ஜிப்பைக் கொண்டுபோனா அவங்க என்ன நினைப்பாங்கன்னு உனக்கே தெரியும்."

"என்ன நினைப்பாங்க?"

"பேன்ட்டுன்னு நினைப்பாங்க!"

ஹல்ஷ்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ பிழைச்சு வரணும்னு இதை வரைஞ்சேன், ஸெனெக். இதைத் தூக்கிப் போட்டுட்டு டப்பா வரையச் சொல்றியா?" என்றாள். அவளுக்கு அந்த வேலை போய்விடக்கூடாதே என்றுதான் அவன் பதறினான். அது அவளுக்கும் தெரியும். அதனால் சண்டை பெரிதாகவில்லை.

அந்த நேரம் பார்த்து கெர்வாஸி வந்தான். ஸெனானுக்குப் பதிலாக அந்த வாரம் படம் ஓட்டினவன். நோயாளியைப் பார்க்க ஒரு ஜாடி செர்ரிப் பழச்சாறு கொண்டுவந்திருந்தான். அவனுக்குப் படங்களைக் கதையாக ஞாபகம் இருக்காது, ரீலாகத்தான் இருக்கும்.

"திறந்த ஸாமெக்கா? மூணாவது ரீல் பூரா கீறல். நாலாவதுல ஒட்டு விட்டுப்போச்சு."

"கதையைச் சொல்லுடா" என்றான் ஸெனான்.

"கதை என்ன, ஒரு கிழவி. கோட்டைக்குச் சொந்தக்காரி. பையன் சண்டைக்குப் போயிட்டான். எல்லாரும் பூட்டிக்க, பூட்டிக்கங்கறாங்க. அவ பூட்டமாட்டேங்கறா. பையன் வந்து பாத்தா பூட்டியிருக்கக்கூடாதாம். சிப்பாய்ங்க வந்து நாற்காலியெல்லாம் தூக்கிட்டுப் போறாங்க. அப்பவும் பூட்டல. பைத்தியம்."

ஹல்ஷ்கா முன்னால் வந்தாள். "இருமல் எங்க நின்னுச்சு?"

"எங்க நின்னுச்சு? அன்னிக்கு எல்லாருக்கும் காய்ச்சல். போட்டி போட்டுக்கிட்டு இருமினாங்க." கெர்வாஸி கொஞ்சம் யோசித்தான். "ஒரே ஒரு இடம். எல்லாம் கொள்ளை போயாச்சு. கிழவி மாடியில ஒரு ரூம்ல விளக்கு வெச்சுட்டு உக்காந்திருக்கா. ஒண்ணும் நடக்கல. சும்மா உக்காந்திருக்கா. கீழ கதவு திறந்து கிடக்கு. அப்ப ஒரு சத்தம் இல்ல. நானே அடுத்த ரீலைப் போட மறந்துட்டேன். திரை வெள்ளையா நின்னுச்சு, அப்பவும் யாரும் என்னைத் திட்டல."

ஹல்ஷ்கா அடுப்பைப் பற்றவைத்தாள். அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரையை மறந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கெர்வாஸியும் வந்துவிட, மூன்று பேரும் கிளம்பினார்கள். ஸெனான் ஓய்வெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹல்ஷ்கா கோட்டு, கையுறை, கம்பளித் தொப்பி எல்லாம் போட்டாயிற்று. ஜிப் போஸ்டர் பலகையோடு சுவரில் சாய்ந்திருந்தது. கெர்வாஸி அதைத் தூக்கக் குனிந்தான். "இரு" என்றாள். ஒரு கையுறையை மட்டும் கழற்றினாள். நசுக்கின தீக்குச்சி ஒன்றை மஞ்சளில் தோய்த்து, இடது வரிசையில் உயரத்தில் இருந்த ஒரு பல்லின் நடுவே இழுத்தாள். ஒரே இழுப்பு. நகத்தளவு. பிறகு கையுறையை மாட்டிக்கொண்டாள்.

ஸெனான் கிட்ட வந்து பார்த்தான். சாம்பல் மேல் ஒரு மஞ்சள் தீற்றல். ஊறுகாய்க் கடுகு தெறித்த மாதிரி இருந்தது. ஒரு வாரமாக உயிரைக் கொடுத்து வரைந்ததைக் கடைசி நேரத்தில் கெடுத்துவிட்டாளே என்று அவனுக்குப் பகீரென்றது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தான்.

அரங்கில் போஸ்டரைத் திரைக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஹல்ஷ்கா பக்கத்தில் நின்றுகொண்டாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஸெனானும் கெர்வாஸியும் மெஷின் அறைக்குள் போய், படம் ஓட்டும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மெல்கியோர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். தலைப்பைப் படித்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"பானி ஹல்ஷ்கா, இதை மார்ஷவ்கோவ்ஸ்கா தெருவுல ஒட்டினா என்ன ஆகும் தெரியுமா? ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க அத்தனை பேரும் நடுத்தெருவுல நின்னு குனிஞ்சு பாத்துக்குவாங்க!"

குழு சிரித்தது. நன்றாகவே சிரித்தது. ஒருவர் தன் பேன்ட்டைக் குனிந்து பார்ப்பது போல நடித்துக் காட்டினார், சிரிப்பு இன்னும் கூடியது. ஹல்ஷ்கா அசையவில்லை. அவள் காதுகள் மட்டும் சிவந்தன. தலைக்கவசம் போடு, கையைக் கழுவு என்று ஸெனானின் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க மனம் இல்லாமல் அவன் ஜன்னலை விட்டுப் பின்னால் நகர்ந்தான். மெஷின் அறையின் கோடிச் சுவர் வரை போய்விட்டான். அங்கிருந்து ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

ஜிப்பைக் காணோம்.

ஸெனான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். ராத்திரி நேரத்து நீலத்தில் ஒரு கோட்டை நின்றது. அடுக்கி வைத்த கற்களாய் இரண்டு மதில்கள், நடுவில் வாய் பிளந்து திறந்து கிடக்கும் வாசல், அதற்குள் ஏறிப்போகும் பனிப்பாதை, ஒரு காலடித் தடம்கூட இல்லை. உயரத்தில் ஒரே ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. அவன் ஓரடி முன்னால் வந்தான். ஜாக்கெட், அவன் நெஞ்சு, விழுந்த பனி. ஓரடி பின்னால் போனான், கோட்டை. ஒரு கோடு மாறவில்லை. அந்த நகத்தளவு மஞ்சள்தான் அத்தனை பல்லையும் கல்லாக்கியிருந்தது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷம் ஒளியைத் திரையில் விழ வைத்துப் பிழைப்பு நடத்தியவன். ஒரு தீக்குச்சியால் இவ்வளவு செய்யலாம் என்று அவனுக்குத் தெரியாமல் போயிற்றே.

"டேய் கெர்வாஸி, இங்க வந்து பாரு" என்றான், அறை அதிர.

கெர்வாஸி வந்து பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். "ரீலை மறந்தேன்னு சொன்னேன்ல?" என்றான். "இங்கதான் மறந்தேன்."

கீழே சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. க்ளெயோஃபாஸ் எழுந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டார், தொப்பியை வைத்தார், பையை எடுத்தார். அரங்கின் ஒரு ஓரத்திலிருந்து புறப்பட்டு, தரையைப் பார்த்தபடி, ட்ராமைத் தவறவிட்டுவிடக்கூடாது என்ற நடையில் வந்தார். போஸ்டரைக் கடந்தார். தலை திரும்பவில்லை. ஸெனான் ஜன்னல் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். க்ளெயோஃபாஸ் மறு ஓரம் வரை போய்விட்டார். அங்கே, கதவுக்குப் பக்கத்தில், யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல நின்றார்.

அங்கிருந்தபடியே திரும்பிப் பார்த்தார். பிறகு வந்த வழியே திரும்பி வந்தார், ஆனால் இந்தத் தடவை மெதுவாக, பூட்ஸ் சத்தம் கேட்காமல். தூங்குகிற வீட்டுக்குள் நுழைகிறவர் நடக்கிற மாதிரி நடந்தார். பேன்ட் நடிகர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். க்ளெயோஃபாஸ் அவர் பக்கம் திரும்பி விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாதீங்க" என்றார். "மேல யாரோ முழிச்சிருக்காங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. ஒவ்வொருவராக எழுந்து பின்வரிசைக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒருவர்கூட இருமவில்லை. மெல்கியோர் கடைசியாகப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அந்தப் பழைய பயம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. ஆனாலும் மேலிடத்துக்கு ஒரு பதில் வேண்டுமே.

"பானி ஹல்ஷ்கா, யாராவது கேட்டா நான் சொல்லணும். இது கோட்டையா, ஜிப்பா?"

"ஸாமெக்" என்றாள் ஹல்ஷ்கா.

மெல்கியோர் அந்தச் சொல்லைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த மாசம் ரெண்டு படம் வருது. ரெண்டும் உங்களுக்குத்தான்" என்று யாருடனோ சண்டை போடுகிற குரலில் சொன்னார். மெஷின் அறையில் ஸெனான் தையல் போட்ட வயிற்றை மறந்து கெர்வாஸியைக் கட்டிக்கொண்டு, "ஐயோ" என்று கத்தினான். அது வலியா, சந்தோஷமா என்று கெர்வாஸி கேட்கவில்லை.

க்ளெயோஃபாஸ்தான் கோட்டும் தொப்பியுமாக இருக்கிறாரே. அப்படியே வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். கதவைத் திறந்தார். வெளியே தாழ்வாரத்தில் யாரோ ஜன்னலைச் சாத்தாமல் விட்டிருந்தார்கள். ஜனவரிக் காற்று மொத்தமாக உள்ளே அடித்தது. மேஜை மேலிருந்த தாள்கள் பறந்தன. மெல்கியோர் தாள்களைப் பிடிக்கத் தாவினார், மற்றவர்கள் தொப்பிகளைப் பிடித்தார்கள், "கதவை, கதவை" என்று எல்லோரும் கத்தினார்கள். ஹல்ஷ்கா மட்டும் போஸ்டர் பக்கம் திரும்பி, தன் இரண்டு பெரிய கைகளையும் குவித்து, அந்த நகத்தளவு மஞ்சளைக் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டாள்.